கரையான்சாவடியில் இறங்கிய பச்சைப் புடவை

என் மனைவியிடம் நான் முதன்முதலாக மனம் விட்டுப் பேசியபோது அவள் அந்த இடத்தில் இல்லை. இதைச் சொன்னால் ஏதோ தத்துவம் பேசுகிறேன் என்று நினைக்கிறார்கள். தத்துவமெல்லாம் கிடையாது. அவள் அப்போது பூந்தமல்லி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தாள். நான் அதற்கு முந்தைய நிறுத்தமான கரையான்சாவடியில் இறங்கி, வேறொருவர் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தேன்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது இது. எனக்கு ஊர் மலேசியாவில் தைப்பிங். அங்கே ஒரு மருந்துக் கடையில் வேலை. பெண்ணுக்கு ஊர் அம்பத்தூர். அம்மாவின் தூரத்து உறவு ஒருவர் மூலம் வந்த சம்பந்தம். போட்டோ பார்த்தேன், விமானம் ஏறினேன், தாலி கட்டினேன், லீவு முடிந்தது, தனியாகத் திரும்பிப் போனேன். கஸ்தூரிக்குக் குடியேற்ற விசா கிடைத்ததும் வந்து கூட்டிப்போவதாக ஏற்பாடு. விசா மனு எங்கள் ஊர்க் குடிநுழைவு அலுவலகத்தில் இருந்தது. எப்போது போய்க் கேட்டாலும் பரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். வாழ்க்கையில் அந்த மனு அளவுக்கு நிம்மதியாக உட்கார்ந்திருந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. பல மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, விசா வராவிட்டால் போகிறது, நானாவது போகிறேன் என்று லீவு வாங்கிக்கொண்டு மெட்ராஸ் வந்து சேர்ந்தேன்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கிட்டப்பார்வை. பள்ளிக்கூட நாளிலிருந்தே தடித்த கண்ணாடி. பெண் வீட்டுக்கு அனுப்பப் படம் எடுத்தபோது ஸ்டூடியோக்காரர் கண்ணாடியைக் கழற்றச் சொன்னார், முகம் எடுப்பாக இருக்கும் என்றார். கழற்றினேன். எடுப்பாகத்தான் இருந்தது. அந்தப் படத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்ன பெண்ணின் முன்னால் வேறு முகத்தோடு போய் நிற்பது பெரிய மோசடி என்று எனக்குத் தோன்றியது. (மறைப்பதற்குத்தான் மோசடி என்று பெயர் என்பது அந்த வயதில் தெரியவில்லை.) ஆகவே கல்யாணத்திலும் கண்ணாடி போடவில்லை. தாலி கட்டியதே பாதி தடவிப் பார்த்துத்தான். மிச்ச முடிச்சை என் அக்கா போட்டதால் தப்பித்தேன்.

இரண்டாவது முறை வந்தபோதும் கண்ணாடி கால்சட்டைப் பைக்குள்ளேயே கிடந்தது. அதனால் நான் பார்த்த அம்பத்தூர் மற்றவர்கள் பார்த்த அம்பத்தூர் இல்லை. வேப்பமரங்கள் பச்சை மேகங்களாகத் தெருவில் இறங்கி நின்றன. குழாயடியில் வரிசையாக வைத்த பிளாஸ்டிக் குடங்கள் எனக்குப் பூந்தோட்டம். தொழிற்பேட்டையில் ஷிப்ட் விட்டதும் நீலச் சட்டைக்காரர்கள் சைக்கிளில் வருவது, ஒரு நதி சத்தமில்லாமல் திரும்பி வருவது போல இருக்கும். ஒருநாள் இரண்டு பேர் கைகோர்த்து நடனமாடுவதைக் கண்டு நின்று ரசித்தேன். சட்டையைப் பிடித்துச் சண்டை போடுகிறார்கள் என்று பிறகுதான் சொன்னார்கள். இத்தனைக்கும் நடுவில் கஸ்தூரி ஒரு நிறமாக, ஒரு வளையல் சத்தமாக, மல்லிகை வாசனையாக நடமாடிக்கொண்டிருந்தாள். நான் ஒரு கனவுக்குள் வாடகைக்குக் குடியிருந்தேன் என்றே சொல்லலாம்.

நிஜமாகக் குடியிருந்தது மாமனார் வீடு, அம்பத்தூரை ஒட்டிய மண்ணூர்பேட்டையில். மாமனார் பக்கத்திலேயே ஒரு லேத் பட்டறையில் டர்னர். ஒரு அறை, ஒரு சமையலறை, பின்னால் கொஞ்சம் சிமெண்ட் தரை. அந்த அறைக்குள் எந்த நேரமும் மாப்பிள்ளை பார்க்க வந்த யாராவது இருந்தார்கள். கஸ்தூரி எனக்குக் காபி கொண்டுவந்து வைத்தால் மூன்று பேர் அதைப் பார்ப்பார்கள். நான் அதைக் குடித்தால் ஐந்து பேர் பார்ப்பார்கள். தனியாக அவளிடம் ஒரு வார்த்தை பேச வழியில்லை. வந்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: விசா வந்துச்சா? எதிர்வீட்டம்மா ஒருவர் மட்டும் நெடுநாளாக விசா என்பது என் சித்தப்பா என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது, ஏன் வராமல் இழுத்தடிக்கிறார் என்று அக்கறையாக விசாரிப்பார்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் வேறொன்றும் இருந்தது. ஆவடியில் ஒரு பெண்ணை வெளிநாட்டு மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, அவன் விசா வரும் வரும் என்று சொல்லியே திரும்பி வராமல் போய்விட்டானாம். அவனுக்கு அங்கே ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்ததாம். அந்தக் கதையைக் கஸ்தூரியின் பெரியம்மா, பூந்தமல்லியில் பாத்திரக் கடை வைத்திருந்த நாகம்மா, போகிற வருகிற இடத்திலெல்லாம் சொல்லி, கடைசியில் நம்ம பெண் கதையும் அதுதான் என்று முடித்துக்கொண்டிருந்தார். பெண்ணை இனி அனுப்புவதாக இல்லை, பேசாமல் பெரியவர்களை வைத்துப் பேசி இந்தச் சம்பந்தத்தை முறித்துவிடலாம் என்கிற அளவுக்குப் பேச்சு வளர்ந்திருந்தது. கஸ்தூரியின் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் முன்னால் நின்றவர் அவர். அவர் வாய்ச்சொல்லுக்கு அந்தக் குடும்பத்தில் மறுப்பு இல்லை.

மாமனார் ஒருநாள் காலையில் சைக்கிளைத் துடைத்தபடியே என்னிடம் மெதுவாகச் சொன்னார். "மாப்ள, நான் உங்கள நம்பறேன். ஆனா அண்ணிய என்னால சமாளிக்க முடியல. ஒரு தபா நேர்ல போய் பேசிட்டு வந்துடுங்க. உங்கள பாத்தா அவங்களுக்கே புரிஞ்சிடும்."

பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு அழைத்தார். மாமியார் மிகவும் நல்லவர். சமையலுக்கு ஒத்தாசை என்று சொல்லிக்கொண்டு மாமனாரையும் இழுத்துக்கொண்டு விடிந்ததுமே கிளம்பிவிட்டார். நானும் கஸ்தூரியும் பின்னால் பஸ்ஸில் வந்தால் போதும் என்றார். சொல்லும்போது வேறு எங்கோ பார்த்துக்கொண்டார். கல்யாணமாகி நாங்கள் இருவர் மட்டும் போகும் முதல் பயணம். கஸ்தூரி பச்சைப் புடவை கட்டியிருந்தாள். கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் கரை. அந்த நிறம் மட்டும் எனக்குக் கண்ணாடி இல்லாமலே நன்றாகத் தெரிந்தது.

ஆனால் பஸ் என்று ஒன்று இருக்கிறதே. பெண்கள் முன்வாசல், ஆண்கள் பின்வாசல். நடுவில் ஒரு ஜில்லாவே நின்றது. நான் ஒரு கம்பியைப் பிடித்துக்கொண்டு, தலைகளுக்கு இடையே எப்போதாவது தெரியும் பச்சையையே பார்த்தபடி, அவளிடம் சொல்லவேண்டியதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டு வந்தேன். விமானத்திலேயே தயார் செய்தது அது. ஜன்னல் வழியாக வெயில் வந்து போனது. மதுரவாயல் தாண்டியபின் வெளியெல்லாம் பொன்னிறப் புகை மாதிரி மிதந்தது. பூந்தமல்லி கடைசி நிறுத்தம் என்று அவள் சொல்லியிருந்தாள். நடத்துநர் ஏதோ சாவடி சாவடி என்று கத்தினார். முன்வாசல் வழியாகப் பச்சை இறங்குவது தெரிந்தது. என்னைக் கூப்பிட வெட்கப்பட்டு அவள் பாட்டுக்கு இறங்குகிறாள் என்று நினைத்து, நானும் இரண்டு மூன்று கால்களை மிதித்துக்கொண்டு குதித்தேன்.

பச்சை மெயின் ரோட்டை விட்டு ஒரு தெருவுக்குள் திரும்பியது. இரண்டு பக்கமும் மரம். நிழல் பாதையில் நாணயம் நாணயமாக வெயில். தெருவில் ஆளே இல்லை. ஒரு வீட்டில் மட்டும் வானொலி மெல்லப் பாடிக்கொண்டிருந்தது. எட்டி நடந்து, மூன்றடி பின்னால் சேர்ந்துகொண்டேன். பக்கத்தில் போய் முகத்தைப் பார்த்துப் பேசியிருக்கலாம். கூச்சம். முகத்தைப் பார்த்தால் எல்லாம் மறந்துவிடும் என்று தெரியும். இதுதான் சமயம் என்று முதுகைப் பார்த்தே ஆரம்பித்துவிட்டேன்.

"கஸ்தூரி, நான் பேசி முடிக்கிற வரைக்கும் திரும்பாதே," என்றேன். (இந்த ஒரு வரியை நான் சொல்லாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.)

எங்கள் ஊர் மழையைப் பற்றிச் சொன்னேன். மத்தியானம் ஆனால் மலையிலிருந்து இறங்கி வரும், தகரக் கூரையில் கொட்டும். அந்தச் சத்தத்தில் தனியாகப் படுத்திருந்தால், உலகத்தில் எல்லோரும் எங்கோ போய்விட்டார்கள், என்னை மட்டும் விட்டுவிட்டார்கள் என்று தோன்றும். நீ பக்கத்தில் இருந்தால் அதே மழை வேறு மாதிரிக் கேட்கும் என்று சொன்னேன். ஊரில் ஒரு ஏரி உண்டு. கரையிலிருக்கும் பெரிய மரங்கள் சாலையைக் கடந்து சாய்ந்து, கிளையால் தண்ணீரைத் தொடும். அதன் அடியில் உன்னைக் கூட்டிக்கொண்டு நடப்பதற்காக நான் இதுவரை தனியாக அந்தப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டேன் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். எல்லாவற்றையும் எழுத எனக்கு இந்த வயதில் தெம்பில்லை. பச்சைப் புடவை நடையைக் குறைத்தது. பிறகு இன்னும் குறைத்தது. கேட்கிறாள் என்று எனக்கு ஒரே பூரிப்பு.

ஒரு வீட்டு வாசலில் அவள் நின்றாள். மெல்லத் திரும்பினாள். மூக்குக்கண்ணாடி, நரைக்கத் தொடங்கிய காதோரம், கையில் பைபிள்.

"தம்பி," என்றார் அந்த அம்மாள், "நான் எஸ்தர்."

நான் கத்தினேன் என்று பின்னால் அவர் சொன்னார். எனக்கு நினைவில்லை. ஆனால் ஏதோ கத்தியிருக்க வேண்டும், ஏனென்றால் ஆளே இல்லாத அந்தத் தெருவில் எங்கிருந்தோ ஒரு கூட்டம் முளைத்தது. சைக்கிள் கடைக்காரர் ஒருவர் கையில் ஸ்பேனரோடு வந்து என் முன்னால் நின்றார். "இன்னாபா, எஸ்தரம்மா பின்னாலயே பேசிகினு வர்ற? யாரு நீ? எந்த ஊரு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பதற்றத்தில் தைப்பிங் தமிழ்தான் வந்தது. எங்கள் ஊரில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்று பெயர். காலையில் ஒன்றும் பசியாறாமல் கிளம்பினோம், பெரியம்மா விருந்துக்குக் கூப்பிட்டார்கள், மனைவி தொலைந்துவிட்டாள் என்று சொல்ல நினைத்தேன். அவர்கள் காதில் விழுந்தது, பசியாறவில்லை, பசியாறவில்லை என்பது மட்டும்தான். ஸ்பேனர் தாழ்ந்தது. "பாவம்டா, பட்டினி. பசில புத்தி கலங்கிகீது," என்றார் ஒருவர். யாரோ போய் ஒரு பன் வாங்கி வந்து என் கையில் திணித்தார்கள். நான் வேண்டாம் என்றேன். வெட்கப்படாதே நைனா, துன்னு என்று முதுகில் தட்டினார்கள். வெயில், வெட்கம், வெறும் வயிறு, எல்லாம் சேர்ந்து எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

எஸ்தரம்மா ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஆராதனை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தவர். நாடி பார்த்தார், கைக்குட்டையை நனைத்து என் தலையில் போட்டார், எங்கே போகவேண்டும் என்று நிதானமாகக் கேட்டார். பூந்தமல்லி, பாத்திரக் கடை, நாகம்மா என்ற மூன்று சொல் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்தக் கடை அவருக்குத் தெரிந்த கடைதான். இந்த நிலைமையில் இவரைத் தனியாக அனுப்ப முடியாது என்று சொல்லி, ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவைக் கூப்பிட்டு, என்னை ஏற்றி, தானும் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

இனி நடந்ததைப் பெரியம்மா இருந்த இடத்திலிருந்து பார்க்க வேண்டும்.

கஸ்தூரி பஸ் நிலையத்தில் இறங்கி, கடைசி ஆள் இறங்கும்வரை பார்த்து, காலி பஸ்ஸுக்குள் ஏறியும் பார்த்துவிட்டு, வெகுநேரம் நின்று, அழுதுகொண்டே பெரியம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். கடையை ஒட்டித்தான் வீடு. பெரியம்மா விஷயத்தைக் கேட்டதும், ஓடிட்டான் என்றார். மாமனார் தலையைக் கையில் தாங்கிக்கொண்டு அண்டாக்களுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார். இலை போட்டு வைத்தது போட்டபடி கிடந்தது. அந்த நேரத்தில் வாசலில் ரிக்‌ஷா வந்து நின்றது. வண்டிக்குள்ளே, ஓடிப்போனதாகச் சொன்ன மாப்பிள்ளை. தலையில் ஈரக் கைக்குட்டை, கையில் பாதி பன். அவன் தோளைத் தாங்கிப் பிடித்தபடி ஒரு பெண். அவள் உடம்பில் கிளிப்பச்சைப் புடவை, மாம்பழ மஞ்சள் கரை.

(அந்த வருஷம் பூந்தமல்லி ஜவுளிக்கடை ஒன்றில் அந்தப் புடவை மலிவாகப் போட்டு, பாதி ஊர் வாங்கியிருந்தது. இது பிறகு தெரிந்த தகவல்.)

பெரியம்மா படியிறங்கி வந்தார். பாத்திரக் கடையில் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். "அங்க ஒருத்தி கீறான்னு நெனச்சேன். இங்கயே ஒருத்தி கீறாளா? ரெண்டு பேருக்கும் ஒரே பொடவையா எடுத்துக் குட்த்துகீறான், பாருங்க," என்றார் தெருவைப் பார்த்து.

நான் கஸ்தூரியைத் தேடினேன். நிலைக்கதவருகே ஒரு பச்சை அசையாமல் நின்றது. அது அழுகிறதா, கோபமாக இருக்கிறதா, என்னைப் பார்க்கிறதா, ஒன்றும் தெரியவில்லை. அந்த நொடியில்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது. பையில் இருந்த கண்ணாடியை எடுத்து எல்லோர் முன்னாலும் போட்டுக்கொண்டேன். உலகம் சட்டென்று விளிம்புகளோடு வந்து நின்றது. அழுது வீங்கிய அவள் முகத்தை அப்போதுதான் முதன்முறையாக முழுசாகப் பார்த்தேன். இடது புருவத்துக்கு மேல், போட்டோவில் விழாத ஒரு சின்ன மச்சம் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

மாமனார் எழுந்து வந்து, மாப்பிள்ளைக்குக் கண் தெரியாதா என்று கேட்டார். நான் தலையைக் குனிந்தேன். எஸ்தரம்மா நடந்ததைச் சொன்னார். பெரியம்மா நம்பவில்லை. கண் தெரியாதவன் என்றால் இவ்வளவு தூரம் பின்னால் வருவானா, நீதான் ஏன் அவனை வரவிட்டாய் என்று திருப்பிக் கேட்டார். எஸ்தரம்மா கஸ்தூரியைப் பார்த்துத்தான் பதில் சொன்னார்.

"உம் பேரச் சொன்ன உடனே ஆளு மாறிப்போச்சுன்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. திரும்பிச் சொல்லியிருக்கலாம். மனசு வரலம்மா. எங்க வூட்டுக்காரரு இத்தன வருசத்துல எங்கிட்ட அப்படி ஒரு வார்த்த பேசுனதில்ல. கேட்டுகினே நடந்தேன். எங்க வூட்டயும் தாண்டிப் போயிட்டேன்."

அப்படி என்ன பேசிவிட்டான் என்று கேட்டார் பெரியம்மா.

வேண்டாம் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டேன். யாரும் கவனிக்கவில்லை. எஸ்தரம்மா, நோயாளி சொன்னதை டாக்டரிடம் ஒப்பிக்கும் நர்ஸ் மாதிரி, ஒன்று விடாமல் சொல்ல ஆரம்பித்தார். மழையைச் சொன்னார். ஏரியைச் சொன்னார். நான் விமானத்தில் கண்ணை மூடிக்கொண்டு கோத்த வார்த்தைகள் எல்லாம் பூந்தமல்லித் தெருவில், குடமும் குண்டானும் தொங்கும் கடை வாசலில், ரிக்‌ஷாக்காரர் முதற்கொண்டு எல்லோரும் கேட்க ஒவ்வொன்றாக இறங்கின. தொலைந்து போவதற்கு நல்ல பெரிய அண்டா ஒன்று கிடைக்குமா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பறம், வூட்டுல ரெண்டு தட்டு வாங்கி வெச்சுகீறாராம். ஒண்ணு இவருக்கு, ஒண்ணு உனக்கு. தெனமும் இவரு துன்ன தட்டக் கழுவும்போது அந்தக் காலித் தட்டயும் சேத்துக் கழுவி வெப்பாராம். அதுக்கு ஏக்கமா இருக்கக்கூடாதுன்னு."

எங்கோ ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், தெருவே சிரித்தது. மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மாமனார் தோள் குலுங்கியது. பெரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார், கண்ணாடியையும் கைக்குட்டையையும் பன்னையும். பிறகு கஸ்தூரியிடம் திரும்பினார்.

"வேற பொம்பள கீறவன் காலித் தட்டக் கழுவ மாட்டான். லூசா கீறான், ஆனா நல்லவன். விசா எப்ப வருதோ வரட்டும். வந்ததும் கெளம்பு."

கஸ்தூரி என் பக்கத்தில் வந்து, தலையில் இருந்த கைக்குட்டையை எடுத்தாள். "நீங்க போயிட்டீங்கன்னுதான் நெனச்சேன்," என்றாள், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு கண்ணாடியைக் கழற்றி, புடவைத் தலைப்பில் துடைத்து, மறுபடி எனக்கே மாட்டிவிட்டாள். அதன்பின் நான் அதைக் கழற்றியதில்லை. எஸ்தரம்மாவை விருந்து சாப்பிடாமல் போக விடவில்லை. ஒரே புடவையில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பரிமாறியவர்கள் கஸ்தூரிக்கு வைக்கவேண்டிய அப்பளத்தை அவருக்கும், அவருக்கு வைக்கவேண்டியதை இவளுக்கும் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

சில மாதம் கழித்து விசா வந்தது. கஸ்தூரி கிளம்பும் நாளில் பெரியம்மா கடையிலிருந்து எடுத்துக் கொடுத்த சீதனம் ஆறு எவர்சில்வர் தட்டுகள். மாப்பிள்ளைக்குக் கழுவுவதற்கு வேலை வேண்டுமாம். அந்தக் குடும்பத்தில் இன்றைக்கும் யாருக்காவது கல்யாணம் ஆகி, பெண்டாட்டி ஊருக்குப் போயிருந்தால், மாப்பிள்ளையிடம் கேட்கும் முதல் கேள்வி, தட்டெல்லாம் கழுவியாச்சா என்பதுதான். எதற்காக அப்படிக் கேட்கிறோம் என்று தெரியாத பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

கஸ்தூரிக்கு மட்டும் ஒரு குறை. நான் சொன்னது எல்லாவற்றையும் அவள் கேட்டாகிவிட்டது, ஆனால் வேறொருவர் வாயால், அதுவும் வேறு பாஷையில். என் வாயால் ஒருமுறை கேட்கவேண்டும் என்பாள். பல வருஷமாக முயற்சி செய்கிறேன். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது, கண்ணாடி போட்டபின் இன்னும் மோசம். அதனால், மத்தியானம் மழை பிடித்துக்கொண்டு வேறு வேலை ஒன்றும் ஓடாத நாட்களில், அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்கிறாள்.

"இப்ப சொல்லுங்க," என்கிறாள். "நான் திரும்ப மாட்டேன்."